உப்பு நீரும் கிணற்று நீரும்

உறக்கம் வாராத இரவுகளை நீங்கள் அறிவீர்களா, வாசக நேயர்களே? என் தாயார் மறைந்தபின் நான்கு மாதங்கள் எனக்கு அப்படியே கழிந்தன. தொழுகையில் நின்றாலும் எண்ணம் எங்கோ திரிந்தது. ஒரு நாள் ஓதுகையில் சிறு பிழை செய்த மாணவனைக் கடுமையாகக் கடிந்துகொண்டேன். அவன் அழுதபோதுதான் என் நிலை எனக்கு விளங்கிற்று.

அந்நாள்களில்தான் மிதவைச் சிகிச்சை பற்றிப் படித்தேன். மூடிய தொட்டியொன்றில் ஏறத்தாழ 10 அங்குல ஆழத்திற்கு நீர். அதில் 400 கிலோ அளவுக்கு எப்சம் உப்பு. நம் வீடுகளில் பேதியுப்பு என்போமே, அதுதான்! நீரின் சூடு தோலின் சூட்டை ஒத்து 34 முதல் 35 டிகிரி வரை இருக்கும். விளக்கை அணைத்து மல்லாந்து படுத்தால் கைகால் அசையாமலே உடல் மிதக்கும். தோல் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்பதே சற்று நேரத்தில் புலப்படாதாம். லூத் நபி (அலை) அவர்களின் சமூகத்தாரோடு இணைத்துப் பேசப்படும் சாக்கடலில் மனிதர் மிதப்பதும் உப்பின் அடர்த்தியால்தான். தனியறையில், தனியொருவராகவே மிதப்பதால் பெண்களும் கூச்சமின்றிப் பயன்பெறலாம். வலிப்பு, சிறுநீரக நோய், ஆறாத புண் உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது.

இதைத் தொடங்கியவர் அமெரிக்க மருத்துவர் ஜான் லில்லி. ஒளியும் ஒலியும் நின்றுவிட்டால் மூளை உறங்கிவிடுமா என்று 1954இல் ஆராயப் புகுந்தார். அது உறங்கவில்லை. பின்னாளில் அவரே போதை மருந்துகளை உட்கொண்டு தொட்டிக்குள் இறங்கியது வேறு கதை. நமக்கு அது வேண்டாம். 2018இல் வெளியான ஆய்வொன்றில், துல்சா நகரில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழுவினர் மனப்பதற்றம் மிக்க 50 பேரை ஒரு மணி நேரம் மிதக்கச் செய்தனர். பதற்றம் நன்கு தணிந்தது. ஆயினும் அது ஒரே முறை மிதந்ததன் விளைவு. நெடுநாள் நிலைக்குமா என்பதற்கு அவ்வாய்வு விடை தரவில்லை.

கள்ளக்குறிச்சியில் நான் அத்தகைய தொட்டிக்கு எங்கே போவேன்? கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றுக்குக் கச்சிராயபாளையத்தை அடுத்து அணை உண்டு. அணையில் இறங்குவது ஆபத்து. மலையடிவாரத்தில் என் மைத்துனருக்கு வயற்கிணறு இருந்தது. மைத்துனர் மகனைக் கயிற்றோடு படிக்கட்டில் அமர்த்திவிட்டு, லாரி டியூப் ஒன்றை முழங்காலின் கீழ் வைத்துக்கொண்டு மல்லாந்தேன். நன்னீரில் கால்கள் தாழும் என்பதால் இந்த ஏற்பாடு.

நீர் சில்லிட்டது. மூச்சை இழுத்தால் மார்பு எழுந்தது; விட்டால் அமிழ்ந்தது. உப்புத் தொட்டியில் உடலை மறந்துவிடலாம். கிணற்றிலோ ஒவ்வொரு மூச்சையும் கவனித்தே ஆகவேண்டும். ஓயாத என் மனத்துக்கு அந்த ஒரு வேலை கிடைத்தது. காதுகள் நீருக்குள் இருந்தமையால் இதயத்துடிப்பு மட்டும் கேட்டது. மேலே வட்டமாய் வானம்.

“கிணத்துப் பக்கம் போகாதே, வாப்பா” என்று சிறுவயதில் என் தாயார் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. நான்கு மாதங்களாக வாராத கண்ணீர் வந்தது. முகமெல்லாம் நீராயிருந்ததால் பையனுக்கு அது தெரிந்திராது.

“மாமா, அஸருக்கு நேரமாச்சு. ஏறுங்க” என்றான். நான் நெடுநேரம் அசையாதிருந்ததில் பயந்துவிட்டான் போலும். கயிறு அவன் கையில் தயாராக இருந்தது.

அன்றிரவு ஐந்து மணி நேரம் உறங்கினேன். மறுநாள் இரவு உறக்கமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் லாரி டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு மீண்டும் புறப்பட்டேன்.