ஒரு பவர், பல கடை

சொல்லும் துறையும் – 7

மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் ராஜபாளையத்தைத் தாண்டினால் சிவகிரி. அங்கே கடைத்தெருவில் ‘பவர்’ என்பதை யாரும் ஆங்கிலச் சொல்லாக நினைத்துப் பேசுவதில்லை. மெடிக்கல் கடையில், “இது பவர் மாத்திரை, சாப்பிட்ட பெறவு போடுங்க” என்பார்கள். வெளியூரில் இருக்கும் தம்பி, நிலத்தை விற்க அண்ணனுக்குப் ‘பவர்’ எழுதிக் கொடுத்திருப்பார். டிரான்ஸ்பார்மர் பழுதானால் ஊருக்கே ‘பவர்’ இல்லை. சங்கரன்கோவில் கோமதி அம்மனைப் பற்றிச் சொல்லும்போது ‘ரொம்பப் பவரான தெய்வம்’. கேட்கிறவர் எவரும் தடுமாறுவதில்லை. எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்பதே பாதிப் பொருளைச் சொல்லிவிடுகிறது.

இதையே எழுத்தில் தமிழாக்க உட்கார்ந்தால்தான் சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூலில் இயற்பியல் ஆசிரியருக்கு அது திறன். அடுத்த வகுப்புக்கு வரும் கணக்கு ஆசிரியருக்கு அடுக்கு. பதிவு அலுவலகத்துக்குப் போனால் அதிகார ஆவணம். அம்மனுக்கு என்றால் சக்தி. அகராதி இவை எல்லாவற்றையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் அடுக்கிவிடும். எந்தக் காற்புள்ளிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

ஒரே சொல்லில் பல பொருளை ஏற்றும் பழக்கம் ஆங்கிலத்துக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கரன்கோவில் வட்டாரத்துக்காரர்களுக்குப் பழகிய சொல் ஒன்று உண்டு: விசைத்தறி. இங்கே ‘பவர்’ என்பதற்கு விசை என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கிற விசை வேறு. நியூட்டன் விதியில் வருவது, ‘ஃபோர்ஸ்’. பாடநூல்படி பார்த்தால் தறியை ஓட்டும் மோட்டாருக்கு அளவிடப்படுவது திறன், ஒரு எச்.பி. என்றால் 746 வாட். அப்படியானால் திறன்தறி என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒத்துழைக்காது. தவிர, கைத்தறிக்கும் விசை உண்டு. நெசவாளியின் கையும் காலுமே அதைத் தருகின்றன. இருந்தும் விசைத்தறி என்பது அருமையான ஆக்கம் என்பேன். கைத்தறி என்ற பழைய சொல்லுக்கு எதிரே வைத்துப் பார்க்கத்தான் அது பிறந்தது. கைக்குப் பதில் பொறி, அவ்வளவுதான் சேதி.

பழந்தமிழில் விசை என்றால் வேகம். பிறகு துப்பாக்கியில் விரல் வைக்கும் இடமும் விசை ஆயிற்று. கடலில் விசைப்படகு. கணினி வந்தபோது விசைப்பலகை. அங்கே விசை என்பது ‘கீ’. ஆக, ஆங்கிலத்தின் பல சொற்கள் தமிழின் ஒரே விசைக்குள் வந்து குடியேறியிருக்கின்றன. விசைப்பலகையைப் பார்த்து எவரும் தறி ஞாபகத்தில் குழம்பியதாகத் தெரியவில்லை.

பேச்சில் குழப்பமில்லை என்றாலும், எழுத்தில் எந்தத் துறைக்கு எந்தச் சொல் என்ற சிக்கலை நெல்லைக்காரர்கள் வெகு முன்பே கையில் எடுத்தார்கள். சிவகிரி இன்று தென்காசி மாவட்டம். 2019 வரை திருநெல்வேலி மாவட்டம். அந்தத் திருநெல்வேலியில் 1934-இல் தொடங்கியது சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் இ.மு. சுப்பிரமணிய பிள்ளை. அதற்கு முன்பே 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் ஒரு பரிபாஷைச் சங்கம், அதாவது கலைச்சொல் சங்கம், தொடங்கியிருந்தார்கள். நெல்லைச் சங்கம் 1938-இல் ‘கலைச்சொற்கள்’ நூலைக் கொண்டுவந்தது. சுமார் 10,000 சொற்கள். கலைச்சொல் வடமொழியா தமிழா என்ற சண்டையைத்தான் இன்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கலைச்சொற்களுக்காக 1940-இல் அரசு அமைத்த சீனிவாச சாஸ்திரி குழு வடமொழிப் பக்கம் சாயும் என்று எழுந்த எதிர்ப்பும் அதில் சேர்த்தி. எனக்கு நெல்லைச் சங்கத்தின் முயற்சியில் பிடித்தது வேறு: சொல்லைத் தனியே பிடித்து ஆராயாமல், துறை துறையாகப் பிரித்து, அந்தந்தத் துறை ஆட்களை வைத்து முடிவு செய்ததுதான்.

துறையைப் பிரித்தாலும் கடலைக் கடந்தால் சொல் மாறும். இலங்கைப் பாடநூலில் ‘எனர்ஜி’ சக்தி, ‘பவர்’ வலு. நம்மிடம் அவை ஆற்றல், திறன். வலு நல்ல சொல்தான். திறனைப் போல அதற்குத் ‘திறன் மேம்பாடு’ என்ற இன்னொரு வேலை கிடையாது. நம் திறன் பாவம், பயிற்சி மையத்துக்கும் இயற்பியல் வகுப்புக்கும் ஒரே நேரத்தில் ஓடுகிறது.

உக்ரைனியர்களுக்கும் இதே பாடுதான். மோட்டாரின் ‘பவர்’ அவர்களுக்குப் பொத்துஷ்னிஸ்ட், ஆட்சியின் பவர் விளாதா, கணக்கில் வருவது ஸ்தேபின். பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும் பவருக்கு தோவிரெனிஸ்ட் என்கிறார்கள். நம்பிக்கை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது. நாம் அதில் அதிகாரத்தைப் பார்த்தோம், அவர்கள் நம்பிக்கையைப் பார்த்தார்கள். தம்பி அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கும்போது இரண்டும்தான் கைமாறுகின்றன. எது முதலில் தீர்ந்துபோகும் என்பதை நீதிமன்றத்து வழக்குக் கட்டுகளில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் தமிழ் கிடைத்துவிட்டால், மூக்குக் கண்ணாடியின் பவரை என்ன செய்வது? பாடநூல் லென்சின் திறன் என்கிறது, டயாப்டரில் அளக்கிறது. குவியத் தொலைவு குறையக் குறையத் திறன் கூடும். கணக்குப்படி சரி. ஆனால் கண்ணில் கோளாறு ஏற ஏறத்தான் கண்ணாடிக்கு அந்தத் திறன் தேவைப்படுகிறது. “ஒங்களுக்குத் திறன் கூடிருக்கு” என்று கண்ணாடிக்கடைக்காரர் சொன்னால், வந்தவர் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் கடையில் பவர் அப்படியே இருக்கட்டும் என்பதே என் கட்சி.

(அடுத்த வாரம்: வங்கி மேலாளரின் ‘இன்ட்ரஸ்ட்’, வாசகரின் ‘இன்ட்ரஸ்ட்’)