தானே அணைந்து எழும் கணிப்பொறி

பழைய கணிப்பொறி சில வேளை விண்டோஸ் எழுவதற்குள் தானே அணைந்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் அணைகிறது. பழுது பார்ப்போர் பலரும் உடனே கூறுவது, "பார்மட் செய்துவிடலாம்" என்பதே. அதற்கு நாம் எளிதில் இசையலாகாது. ஊரிலிருந்து வந்த படங்களும் கடிதங்களும் அவ்வன்தட்டில் அல்லவா உள்ளன!

எந்நிலையில் அணைகிறது என்பதை முதலில் நோக்குவோம். விண்டோஸ் சின்னம் தோன்றுமுன்பே அணையுமாயின், குறை பெரும்பாலும் பொறியிலேயே உள்ளது. மின்தொடர்பை நீக்கி, ராம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் மெல்லத் துடைத்துப் பொருத்தினால் பலமுறை குணம் தெரியும். மதர்போர்டில் நிற்கும் சிற்றுருளைகளாகிய மின்தேக்கிகளின் தலை உப்பியிருப்பின் அவற்றை மாற்றவேண்டும். 2000-ஐ அடுத்த சில ஆண்டுகளில் வந்த பலகைகளில் இக்குறை மலிந்திருந்தது. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் நாம் திறத்தல் வேண்டா. தொடர்பு நீங்கிய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சின்னம் தோன்றிய பின் அணையுமாயின், மென்பொருளையும் ஐயுறலாம். எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஆகியவற்றில், தொடங்கும்போதே எஃப்8 பொத்தானைத் தட்டினால், பிழை நேர்ந்ததும் தானே மறுபடி தொடங்குவதை நிறுத்தும் வழி கிட்டும். அப்போது நீலத்திரையில் நிற்கும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்வோம்.

இவையாவும் பயன்படாவிடினும், வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி உறையிலிட்டு, வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் படங்களைப் பிரதியெடுத்துக்கொள்ளலாம். பார்மட் அதன் பிறகே.