நாய்க்கூண்டு வாங்கும் முன்...

தோட்டக் காவலுக்கு ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை என்று பார்த்துப் பார்த்துக் குட்டி வாங்குபவர்கள்கூட, கூண்டு என்று வரும்போது கடையில் மலிவானதைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். ஏழெட்டு மாதத்தில் அது போதாமல் போய்விடும். இவை கால் நீண்டு வளரும் இனங்கள். வளர்ந்த ராஜபாளையம் தோள்வரையே இரண்டடிக்கு மேல் நிற்கும்.

வளர்ந்த நாயின் அளவுக்குத்தான் கூண்டு வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அரையடி கூட்டினால் கூண்டின் நீளம். நிற்கும்போது தலை உச்சிவரை அளந்து, நாலு விரற்கடை சேர்த்தால் உயரம். உள்ளே நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடமிருக்க வேண்டும். குட்டியாக இருக்கும்வரை நடுவில் ஒரு பலகையைத் தடுப்பாக வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு மறு மூலையை அசுத்தம் செய்யும்.

அளவைவிடப் பெரிய விஷயம் காற்று. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூன்று பக்கமும் அடைத்துத் தகரம் வேய்ந்த கூண்டில், சித்திரை வெயிலில் பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போனால், திரும்பி வரும்போது நாய் உயிரோடு இருப்பது சந்தேகம்தான். நாலு பக்கமும் கம்பி வைத்த கூண்டை வேப்பமர நிழலில் வைத்து, மேலே தென்னங்கீற்று போட்டால் செலவும் குறைவு. கவிழாத கனமான சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

தரையும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும்; பலகை போட வேண்டும். கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழையக் கூடாது. கூண்டுக்குள் விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுவது அவசியம். கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.