மேயராக இருந்த பேராசிரியரும் இருவேல்பட்டும்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம புதுச்சேரிப் பக்கமாகத்தான் கரை ஏறியது. பிள்ளைச்சாவடியில் கார்த்திகைப் பட்டத்து மல்லாட்டைக்கு உழுது போட்டிருந்த என் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்டு வந்து டிவியைப் போட்டால், தென்பெண்ணை வெள்ளத்தில் மூழ்கிய ஓர் ஊர் மக்கள் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். ஊர் பெயர் இருவேல்பட்டு.

“இந்த ஊரை எனக்குத் தெரியும்” என்றேன். “அங்க நமக்கு யாரு இருக்கா?” என்றார் வீட்டுக்காரம்மா. யாரும் இல்லை. கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது புத்தகத்தில் பார்த்த ஊர் அது. பொருளாதாரப் பேராசிரியர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து எழுதிய ஊர்.

அதைத் தொடங்கி வைத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். அதற்கும் முன்னால், 1905-06-இல், லண்டனில் வுல்விச் பகுதியின் மேயர். குப்பை, சாக்கடை, வரிக் கணக்கு எல்லாம் பார்த்துவிட்டு வகுப்பறைக்கு வந்த மனிதர். அவருடைய ஆராய்ச்சியும் நம்ம விஷயம்தான். இங்கிலாந்து கிராமங்களில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த வயலும் மேய்ச்சல் நிலமும் சட்டம் போட்டு வேலி அடைக்கப்பட்டு, சின்ன விவசாயி எப்படிக் கூலிக்காரன் ஆனான் என்பதை 1907-இல் புத்தகமாக எழுதினார்.

சென்னைக்கு வந்ததும் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகும்போது சொந்த கிராமத்தை விசாரித்து எழுதி வரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம், கங்கைகொண்டான் என்று வந்த கட்டுரைகள் 1918-இல் புத்தகமாயின. நிலம் யாரிடம், கடன் யாரிடம், கூலி எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து என்று எல்லாம் அதில் உண்டு. கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக நிலக்காரரிடம் கட்டுண்டு கிடந்த படியாட்களைப் பற்றி இருவேல்பட்டுக் கட்டுரை சொல்கிறது. எழுதியவர் அந்த ஊர்ப் பையன்தான்.

பிறகு 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறு ஆய்வு செய்தார்கள். 1981-இல் இருவேல்பட்டுக்குப் போனவர்கள் எஸ். குகனும் ஜோன் மென்சரும். குகன் தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். கோட்டையில் கோப்பு பார்த்தவர் ஊரில் உட்கார்ந்து கணக்கெடுத்தார் என்பதில், வங்கிக்காரனான எனக்குத் தனிப் பிரியம். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனபோது பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது, தலித் மக்கள் முன்னைவிடச் சொந்தக் காலில் நின்றார்கள், பிழைப்பு விவசாயத்தை விட்டு வெளியே நகர்ந்திருந்தது. இப்படி நான்கு தடவை எழுதி வைத்த ஊர் அது. நம் பக்கத்தில் எந்த ஊருக்கு இந்தக் கொடுப்பினை?

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். 1989 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ‘சேவைப் பகுதி’ திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு கிளைக்கும் 15 முதல் 25 கிராமம் வரை. ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்துக் கடன் திட்டம் போடணும். நானும் பைக்கில் போனேன். முதல் வருஷம் ஒழுங்காகத்தான் செய்தேன். அடுத்த வருஷம் டீக்கடையிலேயே உட்கார்ந்து பழைய எண்ணைக் கொஞ்சம் கூட்டி எழுதினேன். ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். “மாடு எத்தனைன்னு எழுதறீங்க சார். மாடு மேய்ஞ்ச எடம் எங்க போச்சுன்னு எழுத மாட்டீங்களா?” என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கறவை மாட்டுக் கடன் மட்டும் தாராளமாகக் கொடுத்தோம். ஸ்லேட்டர் அந்தப் பெரியவரை விட்டிருக்க மாட்டார்.

இப்போது நானே மாடு வைத்திருக்கிறேன், பஞ்சகவ்யத்துக்கும் ஜீவாமிர்தத்துக்கும். மேய்ச்சலுக்கு இடம் கிடையாது. வேலிக்குள் இயற்கை விவசாயம் செய்துவிடலாம், வரத்து வாய்க்காலும் ஏரியும் புறம்போக்கும் வேலிக்கு வெளியே அல்லவா இருக்கிறது? அதைக் கேட்க ஓர் அமைப்பு வேண்டும். கொஞ்ச தூரம் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. அங்கே ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. சண்டையோ சச்சரவோ, கேட்க ஒரு மேடை இருக்கிறது. நம் பக்கம் பிரெஞ்சுக்காரன் 1880-லேயே கொம்யூன் அமைத்துக் கொடுத்த ஊர். ஆனால் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். 38 வருஷ இடைவெளி. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு இன்னும் காத்திருக்கிறோம். பிள்ளைச்சாவடி உழவர்கரை நகராட்சியில் இருக்கிறது. கடல் அரிக்கிறது, கிணறு உப்புக் கரிக்கிறது என்றால் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய வார்டு உறுப்பினர் என்று ஒருத்தர் கிடையாது.

வெள்ளம் வடிந்ததும் நிவாரண மனு எழுத நாலைந்து பேர் என் வீட்டுத் திண்ணையில் கூடினோம். பழைய வாய்க்கால் எந்த வழியாக ஓடியது என்பதில் ஆளுக்கு ஒரு பேச்சு. ஒருவரிடமும் எழுத்தில் எதுவும் இல்லை. மறுநாள் நாற்பது ரூபாய்க்கு நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். இதுவரை பதினொரு வீடு முடிந்திருக்கிறது. கிணறு எந்த வருஷம் உப்பானது, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், யாருக்கு எவ்வளவு கடன், பொது இடம் எது என்று கேட்டு எழுதுகிறேன். கடன் கேள்விக்கு மட்டும், “பழைய பேங்க் புத்தி போகலியா சார்?” என்று சிரிக்கிறார்கள். பன்னிரண்டாவது வீட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அவர் மாமனாருக்கு எண்பது வயதுக்கு மேல். வாய்க்கால் ஓடிய இடத்தை நடந்தே காட்டுவாராம்.