கலத்துக்கு வகுத்த இலக்கணம்

ஆங்கிலத்தில் ‘ஹான்டிகாப்’ என வழங்கும் சொல்லின் பிறப்பு சுவையானது. இங்கிலாந்திலே முற்காலத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. இருவர் தத்தம் உடைமைகளைப் பண்டமாற்றுச் செய்ய விழைவர். ஒருவன் பொருள் மற்றவன் பொருளினும் எவ்வளவு மேம்பட்டது, அவ்வேற்றுமைக்கு ஈடாக எவ்வளவு பணம் வைத்தல் வேண்டும் என்பதை நடுவன் ஒருவன் உரைப்பான். இருவரும் தொப்பியொன்றினுட் கையிட்டு எடுத்து, உடன்பாட்டையோ மறுப்பையோ கைக்குறிப்பாற் காட்டுவர். ‘தொப்பிக்குட் கை’ என்னும் தொடரே மருவி இச்சொல்லாயிற்று. பின்னர் அது குதிரைப் பந்தயத்துக்குச் சென்று, அதன்பின் கடலுக்கும் சென்றது. தமிழில் இதனை ‘ஈடு’ என்றே யான் வழங்குவேன்.

ஆழ்கடலிற் பாய்விரித்தோடும் படகுப் பந்தயத்தில் ஈடு ஏன் வேண்டும்? ஒருவனிடம் அறுபதடிப் படகு உண்டு. மற்றவனிடம் முப்பதடிப் படகே உண்டு. நீண்ட கலம் விரைந்தோடுவது இயற்கை. முதலிற் கரை சேர்ந்தவனுக்கே பரிசு எனின், அது மாலுமியின் திறத்துக்கன்று, அவன் பணப்பைக்கே அளித்த பரிசாகும். ஆதலின், ஒவ்வொரு கலத்துக்கும் ஓர் எண் குறித்து, அது ஓடிய நேரத்தை அவ்வெண்ணாற் பெருக்குவர். 1.050 என்னும் எண் பெற்ற படகு பத்து மணி நேரத்தில் ஓடிமுடிப்பின், திருத்திய நேரம் பத்து மணி முப்பது நிமிடம். 0.950 பெற்ற சிறு படகு ஒரு மணி நேரம் பிந்திப் பதினொரு மணியில் வந்தாலும், அதன் திருத்திய நேரம் பத்து மணி இருபத்தேழு நிமிடமே. மூன்று நிமிடத்தாற் சிறியது வென்றது. கணக்கு எளிது. அவ்வெண்ணை யார், எவ்வாறு, எவ்வதிகாரத்தால் இடுவது என்பதிலேதான் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கெல்லாம் கிடக்கின்றது.

இலக்கியம் முன், இலக்கணம் பின் என்பது நம்மாசிரியர் கொள்கை. இங்கு நிகழ்ந்ததோ மறுதலை. விதி முன்னே பிறந்தது; அதனைப் பார்த்துப் பார்த்துக் கலங்களைக் கட்டினார்கள். 1855ஆம் ஆண்டளவில் தேம்ஸ் நதிப் படகுக் கழகத்தார் ஓர் அளவை வகுத்தனர். படகின் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் அளப்பர். ஆழத்தை அளவாது, அகலத்திற் பாதியே ஆழம் எனக் கொள்வர். ஆகவே அகலம் இருமுறை கணக்கில் ஏறிற்று. மெய்யான ஆழமோ ஒருமுறையும் ஏறவில்லை. படகு செய்வோர் விடுவார்களா? அகலத்தைக் குறைத்தனர், ஆழத்தை மிகுத்தனர், அடியில் ஈயத்தைக் கட்டினர். பின்வந்த திருத்தமும் அகலத்தையே ஒறுத்தமையால், பலகையை விளிம்பில் நிறுத்தினாற் போன்ற கலங்கள் தோன்றின. ‘ஊனா’ என்னும் படகு நீர்மட்டத்தில் முப்பத்துநான்கடி நீளம். அகலமோ ஐந்தரை அடியே. 1886இல் அது அயர்லாந்துக் கரையோரம் புயலில் அகப்பட்டு அழிந்தது. அதனை வரைந்த பேற்றன் என்பவரும் அதிலேயே இருந்து மாண்டார். தாம் வரைந்த வடிவுக்குத் தாமே உயிர் கொடுத்தார். தமிழில் ‘விதி’ என்னும் சொல் இருபொருள் படுவது எத்துணைப் பொருத்தம்! அதன் பின்னரே அகலத்தை ஒறுக்கும் முறை கைவிடப்பட்டு, நீளமும் பாய்ப் பரப்பும் கணக்கில் வந்தன.

ஆழ்கடற் பந்தயம் இதற்குப் பிற்பட்டது. அமெரிக்கர் 1906இல் மூன்றே படகுகளுடன் பெர்மியூடாப் பந்தயத்தைத் தொடங்கினர். 1928இல் அப்பந்தயத்திற் சிறு படகொன்றைச் செலுத்தி, அங்கிருந்தே உலகைச் சுற்றப் புறப்பட்டவர் வில்லியம் அல்பேட் றொபின்சன். இவரை நம்மவர் அறிவர். வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’யை விலைக்கு வாங்கியவர் இவரே. வல்வை மாலுமிகள் செலுத்திய அக்கலம் 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதனைக் கட்டிய மேத்திரிமார் எந்தக் கழகத்தின் விதியையும் கண்டிலர். கடலையும் சரக்கையும் மட்டுமே கண்டனர்.

இங்கிலாந்தில் 1925இல் ஏழு படகுகள் அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள பாஸ்ற்நெற் பாறையைச் சுற்றிப் பிளிமத் துறைக்கு ஓடின. பந்தயம் முடிந்த அத்துறையிலேயே ஆழ்கடற் பந்தயக் கழகம் பிறந்தது. 1931இல் அது ‘றோயல்’ என்னும் அடைமொழி பெற்றது. அவர்களுக்கு ஒரு விதி, அமெரிக்கருக்கு வேறொரு விதி. ஒரே படகு ஒரு கரையில் விரைவானது எனவும் மறுகரையில் மெதுவானது எனவும் மதிக்கப்பட்டது. இக்குழப்பம் நீங்க, புகழ்பெற்ற கலவரைஞர் ஒலின் ஸ்ரீவன்ஸ் தலைமை தாங்கிய குழுவொன்று 1970ஆம் ஆண்டளவில் அனைத்துலக விதியொன்றை அமைத்தது.

அந்த விதி ஐயத்துக்கிடமின்றி அறிஞர் செய்தது, வெளிப்படையானது, எவரும் வாசிக்கத்தக்கது. வாசித்தார்கள்! உடலின் இன்னின்ன புள்ளிகளில் அளப்பர் என்று தெரிந்ததும், அப்புள்ளிகளிற் புடைப்பு வைத்தனர். பின்புறத்தை ஒடுக்கினர். நிமிர்ந்து நிற்கும் வலிமை குறைந்த படகுக்கு விதி சலுகை காட்டிற்று. அவ்வலிமையையும் குறைத்து, அக்குறையை ஈடுசெய்ய ஆட்களை விளிம்பிலே வரிசையாக இருத்தினர். சித்திரகவி பாடுவோன் எழுத்தைக் கட்டத்துள் அடைக்கும் முயற்சியிற் பொருளை மறப்பதுண்டன்றோ? இங்கு மறக்கப்பட்டது கடல்.

1979 ஆகஸ்டில் 303 படகுகள் பாஸ்ற்நெற் நோக்கிப் புறப்பட்டன. பெரும்புயல் எழுந்தது. பந்தயத்திற் சென்றோருள் 15 பேர் மாண்டனர், 24 படகுகள் கைவிடப்பட்டன, 5 மூழ்கின. பின் நிகழ்ந்த விசாரணையில் விடையளித்த படகுகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, பாய்மரம் நீரைத் தொடுமளவுக்கும் அப்பாற் சாய்ந்ததாகத் தெரிந்தது. சில படகுகள் தலைகீழாகக் கவிழ்ந்து, நிமிராது கிடந்தன. பழியை முழுவதும் விதியின் மேற் சுமத்துதல் நீதியன்று. அத்தகைய கடல் எக்கலத்தையும் புரட்டவல்லது. பாதுகாப்புக் கயிறும் உயிர்காப்பு மிதவையும் பலருக்குக் கைகொடுக்கவில்லை. எனினும், நேரத்தை அளப்பதற்கென்றே செய்த ஒரு சூத்திரம் கலத்தின் நிலைபேற்றையும் தொட்டுவிட்டது என்னும் உண்மையை அதன்பின் எவரும் புறக்கணிக்க இயலவில்லை. அமெரிக்காவிற் கவிழ்தலைப் பற்றித் தனி ஆராய்ச்சியே நடந்தது.

இதன்பின் வழி இரண்டாகப் பிரிந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து அறிஞர் 1970களிலேயே வேறொரு நெறி கண்டிருந்தனர். உடல் முழுவதையும் அளந்து, ஒவ்வொரு காற்று வேகத்திலும் ஒவ்வொரு திசையிலும் கலம் எவ்வளவு ஓடும் எனக் கணிப்பொறியாற் கணித்தல் அந்நெறி. 1985இல் இது அனைத்துலக முறையாயிற்று; இன்றைய ஓ.ஆர்.சி. முறை இதன் வழித்தோன்றல். சூத்திரம் வெளிப்படை. மற்றது, இங்கிலாந்துக் கழகமும் பிரெஞ்சுக் கழகமொன்றும் 1984இல் ஏற்படுத்தியது, இன்று ஐ.ஆர்.சி. எனப்படுவது. இதன் சூத்திரம் இரகசியம். தெரியாத விதியை ஏய்க்க எவராலும் முடியாது என்பது அவர் வாதம்.

பரீட்சை விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இவ்விரு நெறியும் புதியனவல்ல. புள்ளித் திட்டத்தை முன்னரே சொன்னால், மாணவன் கட்டுரை எழுதான், புள்ளிகளை எழுதுவான். சொல்லாது விட்டால், தந்தையார் வாசலில் வந்து நிற்பார். யான் இரண்டையும் செய்து பார்த்தவன். இரண்டினும் நிம்மதி கண்டதில்லை. இரகசிய முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. பாயையோ அடிக்கட்டையையோ மாற்றினால் எண் எவ்வாறு மாறும் என்று கட்டணஞ் செலுத்தி முன்னோட்டச் சான்றிதழ் கேட்கலாம். பொருளுடையான் கேட்டுக் கேட்டுச் சூத்திரத்தின் ஒரு மூலையைத் தடவிப்பார்த்துவிடுவான். ஏழைப் படகோட்டிக்கு அது கைகூடாது. இதனாலேயே, பிழை மலிந்தாலும் வெளிப்படையான விதியே மேல் என்பது என் கருத்து. பிழையைக் காணக்கூடியவன் திருத்தச் சொல்லவாவது முடியும். மறுபக்கத்தாரோ ஊனாவையும் 1979ஐயும் காட்டி என்னை மறுப்பர். அம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது.

2018இல் ஹேக் நகரத்தையொட்டிய கடலில் இரு முறையாரும் கூடி ஒரே உலகப் போட்டியை நடத்தினர். ஒவ்வொரு படகும் இரு சான்றிதழும் பெற்றிருத்தல் வேண்டும் என்றனர். ஒரே கடல், ஒரே காற்று, இரு நடுவர்! போட்டி நடந்தேறியது, விதிகள் இன்றும் இரண்டே.

1925இன் முதற் பந்தயத்தில் வென்ற படகின் பெயர் ‘ஜொலி பிறீஸ்’. அது 1929இலும் 1930இலும் மீண்டும் வென்றது. பந்தயத்துக்கென வரைந்த கலமன்று. பிரான்சின் லீ ஆவர் துறையில், வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் மீகாமரைக் கொண்டுசெல்ல 1913இல் நீரில் இறக்கியது. கரடுமுரடான கடலில் எக்காலமும் போய்வர வேண்டும் என்பதே அதற்கு இட்ட கட்டளை. இங்கிலாந்துப் பாடசாலை ஒன்று அதனைப் பேணி வருகின்றது. மாணவர்கள் அதிற் பாய் விரிக்கக் கற்கின்றனர்.