சிறுநீர்ப் பையையும் பாருங்கள்

பெரிய அறுவை சிகிச்சை என்றதும் இதயம் தாங்குமா என்றுதான் கேட்கிறோம். சிறுநீரகம் தாங்குமா என்று கேட்பவர் அரிது. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அறுவையின்போது ரத்த அழுத்தம் நெடுநேரம் தாழ்ந்தால் அவை வாடும், ஆனால் வலிக்காது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறி நமக்குத் தெரியவர ஓரிரு நாள் ஆகிவிடும். கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பை பல நேரம் அதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஆறு மணி நேரமாக மணிக்கு 30 மில்லிக்கும் குறைவாகச் சிறுநீர் வந்தால் அது சிறுநீரகப் பாதிப்பு என்பது 2012-ஆம் ஆண்டின் சர்வதேச வரையறை.

மருந்து கொடுத்துத் தடுக்க முடியாதா? குறைந்த அளவு டோபமைன் சிறுநீரகத்தைக் காக்கும் என்று மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 328 பேரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. இதய அறுவையின்போது அமினோ அமிலங்களை ஏற்றியதில் பாதிப்பு 31.7 சதவீதத்திலிருந்து 26.9 ஆகக் குறைந்ததை 2024-இல் பார்த்தோம். நல்ல செய்திதான். ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசத்தைக் கண்காணிப்பும் கவனமான பராமரிப்பும் தந்திருக்கின்றன. ஜெர்மனியின் மூன்ஸ்டரில், இதய அறுவை முடிந்தவர்களில் ஆபத்து மிகுந்த 276 பேரிடம் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனமாகக் காத்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்த்தார்கள். சிறுநீரையும் கிரியேட்டினினையும் விடாமல் அளந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 71.7 சதவீதமாக இருந்த பாதிப்பு இவர்களிடம் 55.1 சதவீதம். உயிரிழப்போ டயாலிசிஸ் தேவையோ குறையவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதை முடிவுகட்ட 276 பேர் போதாது.

சிறுநீரகத்தைக் காக்கவென்று திரவம் அதிகம் ஏற்றினால் நுரையீரலுக்கு ஆகாது என்ற அச்சமும் சரியானதே. ஆனால் ஒரேயடியாகக் குறைப்பதும் ஆபத்து: பெரிய வயிற்று அறுவை செய்துகொண்ட சுமார் 3,000 பேரில், திரவத்தை இறுக்கமான அளவில் பெற்றவர்களிடம் பாதிப்பு 8.6 சதவீதம், தாராளமாகப் பெற்றவர்களிடம் 5 சதவீதம். அளவை மருத்துவர்தான் ஆளுக்கேற்ப முடிவுசெய்ய வேண்டும். அதற்கு நம்மிடமிருந்து சில தகவல்கள் அவருக்குத் தேவை. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், தினசரி பிரஷர் மாத்திரை, பழைய கிரியேட்டினின் சீட்டு, எதையும் மறைக்காமல் மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள். பாதிப்பு வந்து தேறியவர்கள் மூன்று மாதத்தில் மறுபடி ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துக்கொள்ளத் தவறாதீர்கள்.