நெற்பயிரின் நோய்த் தடுப்பு ஆற்றல்

நெற்பயிரைத் தாக்கும் நோய்களுள் குலைநோய் மிகக் கொடியது. நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட கண் வடிவப் புள்ளிகளாக அது இலைகளில் தோன்றுகிறது. கதிரின் கழுத்தைத் தாக்குமாயின் மணிகள் பதராகும். ஆண்டு முழுவதும் உழைத்த உழைப்பு வீணாகும். ஆகவே நோய்க்கு எளிதில் இடங்கொடாத பயிரை வளர்ப்பதே முதற்கடமை.

ஒரே விதையை விதைத்தும், தழைச்சத்து மிகுந்த வயலில் நோய் கடுமையாக இருப்பதை விவசாயிகள் கண்டிருப்பர். இதன் காரணம் யாது? வேர் உறிஞ்சும் தழைச்சத்தை, இலையில் உண்டாகும் சர்க்கரையிலிருந்து பெறும் பொருள்களுடன் சேர்த்து, பயிர் முதலில் அமினோ அமிலங்களாகவும் பின்னர்ப் புரதமாகவும் மாற்றுகிறது. உரம் அளவு மீறினால் அனைத்தும் புரதமாவதில்லை. ஒரு பகுதி சாற்றிலேயே கரைந்து நிற்கிறது. அது நோய்ப் பூஞ்சாணத்திற்கு நல்ல உணவாகிறது. இலைத்தோலில் படிந்து அதனை உறுதியாக்கும் சிலிகா என்னும் மணற்சத்தும் குறைகிறது. பயிர் கரும்பச்சையாகச் செழித்துத் தோன்றினும், உள்ளே வலுவிழந்திருக்கும்.

இத்தகைய ஆராய்ச்சியில் சென்னைக்குச் சிறந்த பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் டி. எஸ். சதாசிவனும் அவருடன் பணியாற்றியோரும், இரவு வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி சென்டிகிரேடாகக் குறையும்போது பயிரின் உட்செயல் மாறுவதையும், குலைநோய் மிகுவதையும் ஆராய்ந்தனர். 1963-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த குலைநோய்க் கருத்தரங்கில் இவ்வாராய்ச்சி இடம்பெற்றது. அந்த ஆய்வுக்கூடத்தின் வழிவந்த தாவரவியல் உயராய்வு மையம், இன்று அடையாற்றுக்கு அருகே கிண்டி வளாகத்தில் இயங்கிவருகிறது.

இரவுக் குளிரை மாற்றுதல் நம்மால் இயலாது. உரத்தின் அளவை மாற்றுதல் இயலும். மண்ணைப் பரிசோதித்து, அதற்கேற்ப உரமிட வேண்டும். யூரியாவை ஒரே முறையில் கொட்டாமல், பயிர் தூர்கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் பிரித்து இட வேண்டும். இலை வண்ண அட்டையுடன் ஒப்பிட்டு, தேவையான போது மட்டும் மேலுரம் இடுவது சிக்கனமுமாகும். சாம்பல் சத்துக் குறைவுபடலாகாது. உமிச் சாம்பலை நிலத்திலிட்டால் மணற்சத்துப் பெருகும். குளிரும் பனியும் மிகுந்த மார்கழி, தை மாதங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. புள்ளிகள் தென்பட்டால் தழையுரத்தை நிறுத்திவிட்டு, உடனே வேளாண்மை அலுவலரை அணுக வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள், சாகுபடி தொடங்குமுன் மண் மாதிரிகளைத் திரட்டி அனுப்ப ஏற்பாடு செய்யலாம். இலை வண்ண அட்டைகளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்து, அனைவரும் பயன்படுத்தச் செய்யலாம். ஒரு வயலில் தோன்றும் நோய் காற்றின் வழியே அடுத்த வயலுக்கும் பரவும். ஆதலால் அளவறிந்து உரமிடுதல் ஊர் முழுவதும் சேர்ந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.